மாலதி அண்ணி போட்ட கையெழுத்து

இரண்டு வாரங்களுக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நான் வேலை செய்யும் துணிக்கடையில் புதிதாக வந்த புடவைகளைப் பிரித்து மடித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் அழைத்தார். “பாப்பா, மொதலாளிகிட்ட சொல்லிட்டு வீட்டுக்கு வந்துரு” என்றார். வேறெதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அண்ணி ஐந்து நாளாகக் காய்ச்சலில் இருந்தார். முந்தின நாள்தான் அவரைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றியிருந்தார்கள். கையிலிருந்த புடவையை மடித்து முடித்து, அதன் இடத்தில் வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

என் அண்ணி மாலதி டிங்கிக் காய்ச்சலால் காலமானார். அவருக்கு வயது முப்பத்தாறு. காரணத்தை முதலிலேயே எழுதிவிடுகிறேன். ஏனென்றால் சாவு வீட்டில் வேறு ஒரு காரணமும் பேசப்பட்டது.

பதினாறாம் நாள் சடங்குக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க, அண்ணியைப் பற்றி நாலு பக்கம் எழுதி அச்சடிக்க வேண்டும் என்று அண்ணன் விரும்பினார். அவருக்கு எழுத வராது. எனக்குப் பேச வராது. அதனால் நான் எழுதுகிறேன். அண்ணியின் உடம்பைப் பற்றியும் இதில் வருகிறது. எழுதியதை அண்ணனிடம் படித்துக் காட்டினேன். “எல்லாத்தையும் போடு” என்றார்.

அண்ணி சுங்கை பட்டாணியில் பிறந்தவர். திருமணமாகி ஜெலுத்தோங்கில் உள்ள எங்கள் அடுக்குமாடி வீட்டுக்கு வந்தபோது எனக்கு ஒன்பது வயது. அண்ணன் சேகர் துறைமுகத்தில் பாரம் தூக்கும் இயந்திரம் ஓட்டுகிறார். அண்ணிக்கு பாயான் பாருவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை. அரிசியைவிடச் சின்னதான பாகங்களில் விரிசல் இருக்கிறதா என்று நாள் முழுதும் நுண்ணோக்கியில் பார்ப்பார். அந்தப் பழக்கத்தில் வீட்டிலும் எதையும் கண்ணுக்கு அருகே கொண்டுபோய்ப் பார்ப்பார். அம்மா வாங்கி வரும் கீரையில் ஒரு பூச்சி தப்பாது. “அத்தே, இது கீரையா, மிருகக்காட்சிசாலையா?” என்று கேட்பார். அம்மாவுக்குக் கோபம் வரும். பிறகு சிரிப்பு வரும்.

என்னை அவர் “ஊமக்கோட்டான்” என்றுதான் அழைத்தார். மற்றவர்கள் அப்படிச் சொன்னால் எனக்கு அழுகை வரும். அவர் சொன்னால் வராது. நான் பேச வேண்டும் என்று அவர் ஒரு நாளும் என்னை வற்புறுத்தவில்லை.

அவருக்கு மாதம்தோறும் வலி வந்தது. தொழிற்சாலைப் பேருந்து காலை ஆறு மணிக்குக் கீழே வரும். சில நாட்களில் அவர் நாலாவது மாடிப் படியில் உட்கார்ந்திருப்பார். ஒரு கையால் வயிற்றை அழுத்திக்கொண்டு, மறுகையால் பேருந்து ஓட்டுநருக்கு “ரெண்டு நிமிஷம் அண்ணே” என்று கைப்பேசியில் சொல்லிக்கொண்டிருப்பார். லிஃப்ட் ஓடும் நாட்களிலும் படியில்தான் வருவார். லிஃப்டில் யாராவது முகத்தைப் பார்த்துக் கேள்வி கேட்பார்கள் என்பதே காரணம்.

அம்மா ஒரு நாள் சொன்னார். “எல்லா பொம்பளைக்கும் உள்ளதுதான் மாலதி. ஒரு புள்ள பொறந்தா சரியாயிரும்.”

“அந்தப் புள்ள பொறக்கத்தான் இந்த வலி விடமாட்டேங்குதே அத்தே” என்றார் அண்ணி.

மூன்று ஆண்டுகள் குழந்தை இல்லாத பிறகுதான் அவர் ஸ்கேன் எடுத்தார். இரண்டு சினைப்பைகளிலும் பழைய இரத்தம் தேங்கிய கட்டிகள் இருந்தன. எண்டோமெட்ரியோசிஸ் என்று அந்த நோயின் பெயரை எழுதிக் கொடுத்தார்கள். கருப்பைக்குள் இருக்க வேண்டிய படலத்தைப் போன்ற ஒன்று வெளியே வளர்ந்து, மாதாமாதம் அதுவும் இரத்தம் கசிந்து, உள்ளே இருப்பதையெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடுகிறது. வயிற்றில் சிறு துளைகள் போட்டுக் கட்டிகளை மட்டும் எடுத்தார்கள். கருப்பையைத் தொடவில்லை. அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. அம்மா ஒரு பெரிய சட்டி நிறையப் பாயசம் வைத்து மாடி முழுவதும் கொடுத்தார்.

ஓராண்டு நன்றாக இருந்தார். குழந்தை வரவில்லை. வலிதான் திரும்பி வந்தது, முன்பைவிட அதிகமாக. கழிவறைக்குப் போகும்போது கத்தியால் குத்துவதுபோல் இருக்கிறது என்றார். நாற்காலியில் நேராக உட்கார முடியாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்காருவார். ஒரு நாள் தொழிற்சாலையில், நுண்ணோக்கிமேல் நெற்றி இடிக்க மயங்கி விழுந்தார். நெற்றியில் வந்த வீக்கத்தைப் பார்த்து அம்மா அழுதார். “இதுக்குப் போயி அழறீங்களே, உள்ள இருக்குறதப் பாத்தா என்ன பண்ணுவீங்க?” என்றார் அண்ணி.

மறுபடி ஸ்கேன் எடுத்து, பெரிய மருத்துவரிடம் அனுப்பினார்கள். அந்தச் சமயத்தில் நான் பதினைந்து வயதில், மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டு வீட்டில் இருந்தேன். அதற்குப் பெரிய காரணம் இல்லை. எழுந்து வாசிக்கச் சொன்னால் என் குரல் வராது. சிரிப்பார்கள். ஒரு நாள் போகவில்லை. பிறகு போகவே இல்லை. அண்ணி என்னைத் துணைக்குக் கூப்பிட்டார்.

“நீ வா. நீதான் சரியான ஆளு. வேற யாரையாச்சும் கூட்டிட்டுப் போனா சாயங்காலத்துக்குள்ள பிளாக் பூரா தெரிஞ்சுரும்லா.”

மருத்துவர் ஒரு சீனப் பெண்மணி. மலாயில் பேசினார். எந்த மருந்தாவது சாப்பிடுவதுண்டா என்று கேட்டார். இல்லை என்றார் அண்ணி. எந்த மாதமாவது வலி குறைந்திருந்ததா என்று கேட்டார். தைப்பூச மாதத்தில் குறையும் என்றார் அண்ணி. மருத்துவருக்குப் புரியவில்லை. தண்ணீர்மலைக் கோயிலுக்குப் பால்குடம் எடுக்கும் நாளில் மாதவிலக்கு வந்துவிடக்கூடாது என்று, எங்கள் வீட்டுப் பெண்கள் எல்லாரும் முன்கூட்டியே மாத்திரை சாப்பிட்டு அதைத் தள்ளிப்போடுவோம். அம்மாதான் மருந்துக்கடையில் வாங்கி வந்து ஆளுக்கு ஒரு அட்டை கொடுப்பார். அண்ணி இதை விளக்கியதும் மருத்துவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அதுதானே மருந்து, இந்த நோய்க்கு முதலில் கொடுக்கும் மாத்திரையும் அந்த வகைதானே, ஏன் இத்தனை ஆண்டுகளாக எந்த மருத்துவரிடமும் சொல்லவில்லை என்று கேட்டார்.

வெளியே வந்ததும் அண்ணி என்னிடம் சொன்னார். “சாமிக்காக சாப்பிட்டதப் போயி மருந்துன்னு யாரு நெனப்பா?”

முதலில் அந்த மாத்திரையையே தொடர்ந்து கொடுத்தார்கள். பிறகு மாதம் ஒரு ஊசி. ஊசி போட்ட மாதங்களில் வலி குறைந்தது. ஆனால் உடம்பெல்லாம் தீப்பிடித்ததுபோல் வேர்த்தது, எலும்பு நொந்தது. அதை நெடுங்காலம் போட முடியாது என்றார்கள். நிறுத்தியதும் வலி திரும்பியது. அதன் பிறகுதான் அறுவைச் சிகிச்சையைப் பற்றிய பேச்சு வந்தது.

அந்தப் பேச்சின்போது நான் அண்ணியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மருத்துவர் ஒரு தாளில் படம் வரைந்தார். கருப்பையின் பின்பக்கம் குடல் ஒட்டியிருந்தது. சினைப்பைகள் இரண்டும் இழுபட்டு நடுவில் வந்து ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. கருப்பையின் சுவருக்குள்ளும் நோய் இறங்கியிருந்தது. இரண்டு வழிகள் இருப்பதாகச் சொன்னார். ஒன்று, கருப்பையை வைத்துக்கொண்டு, ஒட்டியதைப் பிரித்து, தெரிகிற நோயை வெட்டி எடுப்பது. நோய் திரும்ப வரலாம். இன்னொன்று, நோயோடு கருப்பையையும் எடுத்துவிடுவது. முடிந்தால் ஒரு சினைப்பையை விட்டுவைப்பார்கள். அப்போதுதான் முப்பத்து நாலு வயதிலேயே உடம்பு முதுமைக்குப் போகாது. எந்த வழியானாலும் குடலில் கை வைக்க வேண்டியிருக்கும். குடலின் ஒரு துண்டை வெட்ட நேர்ந்தால், சில மாதங்களுக்கு வயிற்றில் ஒரு பை மாட்டிக்கொண்டு இருக்க வேண்டிவரலாம்.

அண்ணி கேட்டார். “கர்ப்பப்பைய வச்சுக்கிட்டா எனக்குப் புள்ள பொறக்குமா?”

பிறக்கும் என்றும் சொல்ல மாட்டேன், பிறக்காது என்றும் சொல்ல மாட்டேன், வாய்ப்பு குறைவு என்றார் மருத்துவர்.

“எடுத்துட்டா வலி போயிருமா?”

நன்றாகக் குறையும் என்று நம்புகிறேன், முழுதாகப் போகும் என்று சத்தியம் செய்ய மாட்டேன் என்றார்.

“ரெண்டுக்கும் சத்தியம் இல்ல” என்று அண்ணி என்னிடம் தமிழில் சொல்லிச் சிரித்தார். பிறகு, “பொய் சொல்லாத டாக்டரு. இவங்களே வெட்டட்டும்” என்றார்.

யோசிக்க இரண்டு வாரம் கொடுத்தார்கள். அன்று மதியம் ஒரு கடையில் லக்சா நூடுல்ஸ் சாப்பிட்டோம். அண்ணி பாதி சாப்பிட்டுவிட்டு என்னைக் கேட்டார். “ஒரு மாசத்துல நான் எத்தன நாளு நல்லா இருக்கேன்? நீதான் பாக்குறியே, சொல்லு.” நான் பத்து விரலைக் காட்டினேன். பிறகு யோசித்து இரண்டு விரலை மடக்கினேன். “ம்ம், நானும் எட்டுனுதான் நெனச்சேன்” என்று மீதியைச் சாப்பிட்டு முடித்தார்.

அண்ணனிடம் அவர் அன்று மாலையே பேசினார். வீட்டு வாசலில், துணி காயப்போடும் கம்பிக்குக் கீழே நின்று பேசினார்கள். நான் துணி எடுத்துக்கொண்டிருந்தேன்.

“எடுத்துரலாம்னு இருக்கேன்” என்றார் அண்ணி.

“எனக்குப் புள்ள வேணும்னு நான் உங்கிட்ட கேட்டிருக்கேனா?” என்றார் அண்ணன்.

“கேக்கல. எனக்கு வேணும். ஆனா இப்படி இருந்துகிட்டு முடியாது.”

“அப்ப எடுத்துரு. அம்மாகிட்ட என்ன சொல்றது?”

“நான் முடிவு பண்ணேன்னு சொல்லு.”

“ஐயோ, வேணாம் மாலதி. டாக்டரு உள்ள தொறந்து பாத்துட்டு, வேற வழியில்லாம எடுத்துட்டாங்கன்னு சொல்லிருவோம். அம்மா டாக்டரத் திட்டிட்டுப் போகட்டும். அவங்க என்ன நம்ம வீட்டுக்கா வரப்போறாங்க?”

அண்ணிக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் ஒத்துக்கொண்டார். என்னைத் திரும்பிப் பார்த்து, “ஊமக்கோட்டான், ஒனக்கு எதுவும் தெரியாது” என்றார். நான் தலையாட்டினேன். அந்தப் பொய்யில் எனக்கும் பங்கு உண்டு என்பதை இங்கே எழுத வேண்டும்.

அறுவைச் சிகிச்சைக்கு முந்தின நாள் மருத்துவர் வார்டுக்கு வந்து, சம்மதத் தாளை ஒவ்வொரு வரியாக வாசித்தார். ஒவ்வொன்றுக்கும் அண்ணியின் முகத்தைப் பார்த்துக் கேட்டார். கருப்பையை எடுக்கச் சம்மதமா? இனி பிள்ளை பெற முடியாது என்பது புரிந்ததா? தேவைப்பட்டால் ஒரு சினைப்பையை எடுக்கச் சம்மதமா? குடலை வெட்டிப் பை வைக்க நேர்ந்தால் சம்மதமா? நாலு கேள்விக்கும் அண்ணி “சம்மதம்” என்று வாய்விட்டுச் சொன்னார். இரண்டாவது கேள்விக்கு மட்டும் கொஞ்சம் நேரம் எடுத்தார். மருத்துவர் அவசரப்படுத்தவில்லை. பிறகு கையெழுத்துப் போட்டார். அண்ணி எப்போதும் கிறுக்குவதுபோல் போடுவார். அன்று பெயரை முழுதாக எழுதினார்.

சிகிச்சை ஐந்து மணி நேரத்துக்கு மேல் நடந்தது. குடலின் மேல்பக்கம் ஒட்டியிருந்ததைச் சீவி எடுத்தது போதுமானதாக இருந்தது. பை தேவைப்படவில்லை. இடது சினைப்பை தப்பியது. அண்ணன் அம்மாவை அழைத்துத் தயாராக வைத்திருந்த பொய்யைச் சொன்னார். மாலையில் அம்மா வந்தார். கட்டிலின் அருகில் நின்று, “கேக்காமக்கூட எடுத்துட்டாளே அந்தப் பாவி” என்று அழுதார். அண்ணி கண்ணை மூடியிருந்தார். அவர் தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும். தூங்கினால் அவருக்கு வாய் திறந்திருக்கும்.

வீடு திரும்பிய பிறகு அம்மா ஒரு முடிவுக்கு வந்தார். கருப்பையை எடுப்பதும் பிரசவம் மாதிரிதான், இரண்டுக்கும் ஒரே பத்தியம் என்றார். பூண்டு, நல்லெண்ணெய், கருவாட்டுக் குழம்பு என்று பிள்ளை பெற்றவளுக்குச் செய்வதையெல்லாம் செய்தார். அண்ணிக்கு மலச்சிக்கல் வரக்கூடாது, கஞ்சியும் பழமும் நிறையத் தண்ணீரும் கொடுங்கள் என்று தாதி சொல்லி அனுப்பியிருந்தார். அண்ணி இரண்டையும் சாப்பிட்டார். ஒன்பதாம் நாள் காலை கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. பிள்ளை பெற்ற பெண்களுக்கு உடம்பு பிடித்துவிட்டு, வயிற்றை நீளத் துணியால் இறுக்கிக் கட்டிவிடும் ஒரு மலாய் அம்மா, நாங்கள் மக்சிக் என்று அழைப்பவர், எண்ணெய்ப் பாட்டில்களோடு நின்றார். அம்மா யாரிடமும் சொல்லாமல் அவரை வரச் சொல்லியிருக்கிறார்.

மக்சிக் பாயை விரித்தார். சுற்றும் முற்றும் பார்த்தார். “அனாக் மானா?” என்று கேட்டார். பிள்ளை எங்கே என்று பொருள்.

நான் தரையைப் பார்த்தேன். அண்ணிதான் மலாயில் பதில் சொன்னார். பிள்ளை இல்லை, பிள்ளை இருக்கும் வீட்டைத்தான் எடுத்துவிட்டார்கள் என்றார். சொல்லிவிட்டுச் சட்டையைத் தூக்கிக் காயங்களைக் காட்டினார். மக்சிக் கையிலிருந்த எண்ணெயைத் துணியில் துடைத்துக்கொண்டார். இதில் நான் கை வைக்கவே மாட்டேன், கட்டவும் கூடாது, உள்ளே தையல் இருக்கிறது, பிரிந்துவிட்டால் என்ன ஆவது என்று அம்மாவைச் சத்தம் போட்டார். வந்த வேலைக்கு அண்ணியின் பாதத்தை மட்டும் அரை மணி நேரம் பிடித்துவிட்டார். அண்ணி கூச்சத்தில் நெளிந்து, சிரித்தால் வயிறு வலிக்கும் என்று சிரிப்பை அடக்கி, கடைசியில் அழுதுவிட்டார். அன்றுதான் அவர் அழுது நான் பார்த்தேன். அம்மா அவர் தலைமாட்டில் உட்கார்ந்து, தலைமுடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டே இருந்தார். அன்று மாலை அம்மா கஞ்சி மட்டும் வைத்தார்.

இரண்டு மாதத்தில் அண்ணி வேலைக்குத் திரும்பினார். மாதத்தில் இரண்டு மூன்று நாள் இடுப்பில் வலி வரும். அதைச் சொல்லவும் செய்வார். மற்ற நாட்களில் லிஃப்டில் இறங்கி, லிஃப்டில் ஏறினார். சனிக்கிழமைகளில் அண்ணனின் மோட்டார் சைக்கிளை வாங்கிக்கொண்டு என்னைப் பின்னால் வைத்து பாலிக் பூலாவ் வரை ஓட்டுவார். மலைவளைவுகளில் பாடுவார், மோசமாகத்தான். தொழிற்சாலையில் அவரை லைன் லீடர் ஆக்கினார்கள்.

குழந்தை இல்லாத வருத்தம் போய்விட்டது என்று நான் எழுத மாட்டேன். தொழிற்சாலைத் தோழி ஒருவரின் குழந்தைக்குப் பெயர் சூட்டிய வீட்டிலிருந்து வந்த அன்று அவர் சாப்பிடவில்லை. என்னைப் பார்த்து, “வலி போயிருச்சு, ஆசை போகல. ரெண்டையும் ஒரே கத்தில வெட்ட முடியாதுலா” என்றார். பிறகு, “ஆனா திரும்பக் கேட்டாலும் அதேதான் சொல்லுவேன்” என்றார். அம்மாவிடம் ஒரு நாள் உண்மையைச் சொல்ல வேண்டும் என்றும் அன்று சொன்னார். தீபாவளி முடியட்டும் என்றார். தீபாவளி முடிந்தது. தைப்பூசம் முடியட்டும் என்றார்.

அப்படியே இரண்டு ஆண்டுகள் போயின. காய்ச்சல் வந்தது, ஐந்து நாளில் முடிந்தது.

புதன்கிழமை தகனம். அன்று மாலை உறவினர்கள் போய், அக்கம்பக்கத்துப் பெண்கள் சிலர் மட்டும் வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் வாசலில் சுவரில் சாய்ந்து நின்றார். நான் கோப்பி கொடுத்துக்கொண்டிருந்தேன். ஆறாவது மாடியில் இருக்கும் விமலா அக்காவும் வந்திருந்தார். அவருக்கும் இதே நோய். சினைப்பையில் ஒரு கட்டி. அதை எடுக்க அடுத்த மாதம் நாள் குறித்திருந்தார்கள். அவருக்கு இருபத்தெட்டு வயது. அவருக்குக் கட்டியை மட்டும்தான் எடுக்கப் போகிறார்கள்.

அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். “போகாத விமலா. சொல்றதக் கேளு. உள்ள போனா கேக்காமலே எல்லாத்தையும் எடுத்துருவாங்க. எம் மருமகளுக்கு அப்படித்தான் பண்ணாங்க. அன்னைக்கு உடம்புல இருந்த தெம்பு போனதுதான். இல்லாட்டி ஒரு காய்ச்சலுக்கா போவா?”

விமலா அக்கா கோப்பியைக் கீழே வைத்தார். “எனக்கும் அதான் பயமாருக்கு ஆன்ட்டி. நாளைக்கே போன் போட்டு வேணாம்னு சொல்லிர்றேன்” என்றார்.

நான் வாசலுக்குப் போய் அண்ணனைப் பார்த்தேன். உள்ளே பேசியது அவர் காதிலும் விழுந்திருந்தது. “என்னால முடியாது பாப்பா. இன்னைக்கு முடியாது” என்றார். நான் உள்ளே திரும்பி வந்தேன். தட்டைக் கீழே வைத்தேன்.

“அம்மா, அது பொய்” என்றேன்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். குரல் வந்தது. சின்னதாகத்தான் வந்தது.

“எதுடி பொய்?”

“டாக்டரு கேக்காம எடுக்கல. நாலு கேள்வி கேட்டாங்க. நான் பக்கத்துல உக்காந்திருந்தேன். அண்ணி நாலுக்கும் சம்மதம்னு சொன்னாங்க. எடுக்கணும்னு முடிவு பண்ணதே அண்ணிதான். ஒங்ககிட்ட டாக்டர் மேல பழி போட்டது நாங்க.”

அம்மா என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அவர் அசையவில்லை. வாசலில் நின்ற அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். அதுவே போதுமானதாக இருந்தது. அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்.

விமலா அக்கா என்னை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தார். “என் கர்ப்பப்பைய எடுக்கமாட்டாங்கதானே?” என்றார். அதைச் சம்மதத் தாளில் எழுதச் சொல்லிக் கேளுங்கள், எழுதாததற்குக் கையெழுத்துப் போடாதீர்கள், கேட்டால் ஒவ்வொரு வரியாகச் சொல்வார்கள் என்றேன். எத்தனை நாள் படுக்க வேண்டும் என்று கேட்டார். மறுநாளே நடக்கவைப்பார்கள் என்றேன். தோள்பட்டை வலிக்கும், பயந்துவிடாதீர்கள், வயிற்றுக்குள் நிரப்பிய காற்று அங்கே போய் நிற்கும், நடந்தால்தான் குறையும் என்றேன். காய்ச்சல் வந்தாலோ, இரத்தம் அதிகமாகப் போனாலோ வீட்டில் வைத்திருக்காமல் உடனே போங்கள் என்றேன். கனமானது தூக்க வேண்டாம், கட்டி திரும்ப வராமல் இருக்க மாத்திரை தரலாம், அதை நிறுத்த வேண்டாம் என்றேன். அவர் கேட்கக் கேட்கச் சொல்லிக்கொண்டே இருந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் நான் பேசியதில்லை.

“இருமல் வந்தா?” என்று விமலா அக்கா கேட்டார்.

“தலகாணிய வயித்துல அழுத்திப் புடிச்சுக்கிட்டு இருமணும்” என்று அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. “சின்ன தலகாணி. நான் தர்றேன்.”

கொஞ்ச நேரம் கழித்து அம்மா வெளியே வந்து கதவருகே நின்றார். என்னைப் பார்க்காமல் கேட்டார். “எடுத்ததுக்கப்புறம் அவளுக்கு வலி நின்னுச்சா?”

“முழுசா இல்லம்மா. ஆனா நல்லா இருந்தாங்க.”

“எத்தன நாளு?”

மாதத்தில் எத்தனை நாள் என்று கேட்கிறார் என்று எனக்குப் புரிந்தது. “இருபத்தேழு, இருபத்தெட்டு” என்றேன். அம்மா தலையசைத்தார்.

விமலா அக்கா தேதியை மாற்றவில்லை. அவருக்குச் சிகிச்சை எப்படி முடியும் என்று எனக்குத் தெரியாது. கையெழுத்துப் போடும் நாளில் அம்மாவும் கூடப் போகிறார். “நானும் என் காதால கேக்கணும்” என்று சொல்லியிருக்கிறார்.

தகனத்தின் மறுநாள் காலை அண்ணியின் அஸ்தியைக் கடலில் கரைக்கப் படகில் போனோம். அண்ணன், அம்மா, நான், படகோட்டி. கடல் அமைதியாக இருந்தது. அக்கரையில் கப்பலிலிருந்து பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் பானையைக் கையில் எடுத்தபோது அம்மா அதன்மேல் கை வைத்துத் தடுத்தார்.

“எங்கிட்ட சொல்லியிருக்கலாம் மாலதி” என்றார். “ரெண்டு நாளு திட்டியிருப்பேன். அவ்வளவுதான்.”

“அவ சொல்லத்தாம்மா சொன்னா. நான்தான் வேணாம்னேன்” என்றார் அண்ணன்.

அம்மா அவரைப் பார்த்தார். பிறகு கையை எடுத்துக்கொண்டு, “கொடு, நானும் புடிக்கிறேன்” என்றார். இருவரும் சேர்ந்து பானையைச் சாய்த்தார்கள். சாம்பல் உடனே மூழ்கவில்லை. வெளிர்ப் பட்டையாகக் கொஞ்ச நேரம் படகோடு கூடவே வந்தது. படகோட்டி இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். தண்ணீர் பழைய நிறத்துக்கு வந்த பிறகுதான் திரும்பினோம்.

அண்ணி, உங்கள் முடிவை இனி இந்த வீட்டில் யாரும் டாக்டர் பேரில் சொல்ல மாட்டோம். நிம்மதியாகப் போங்கள்.